ஒரு பல்பும் இதர வசதிகளும்

நான் கேட்டது ஒரே ஒரு பல்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வெயிலுமுத்து, ஒனக்கு எதுக்குய்யா இந்தப் பேராசை?" என்று தாராவியில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. சத்தியமாக, ஒரு பல்பு.

என் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பழைய தோல் கிடங்கு இருந்தது. கூரையும் சுவரும் போய் முப்பது வருடம் ஆகிறது. தரை மட்டும் மிச்சம். அந்தக் காலத்துச் சிமெண்டுத் தரை, தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். ஓரத்தில் கைவண்டி ஏற்றுவதற்கு ஒரு சரிவு. அங்கேதான் எங்கள் தெருப் பிள்ளைகள் நாற்பது பேர், நாலு சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்று சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேட்போர்டு என்று அதற்குப் பெயர். இருந்தது மொத்தம் ஆறு பலகை. முறை வைத்து ஆடுவார்கள், சண்டை கிடையாது. என் மகள் மாரிசெல்விக்கு அப்போது பதினாலு வயது. சரிவில் இறங்கி வந்து ஒரு குதி குதிப்பாள். பலகை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும். மறுபடி அதன்மேலேயே வந்து நிற்பாள். முதல் தடவை பார்த்த அன்று கையிலிருந்த துவரம்பருப்பைக் கொட்டிவிட்டேன்.

குளிர்காலத்தில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டினால் பெண் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குத்தான் பல்பு. என் கடையிலேயே பல்பு விற்கிறேன். இருபதடி வயர் இழுத்து நானே மாட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பொது இடத்துக்குப் பொது வெளிச்சம்தான் முறை என்று எனக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. கெட்ட நேரம் என்றால் சும்மாவா?

மனு எழுதுவதற்காக மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே வேங்கடசுப்ரமணியன் சார் இருக்கிறார். பாலக்காட்டுக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது ஊருக்கெல்லாம் இலவசமாக மனு எழுதித் தருகிறார். பல்பு விஷயத்தை ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "மேற்படி பல்பையும், தாங்கள் உசிதமெனக் கருதும் இதர வசதிகளையும் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

"இதர வசதி ஒண்ணும் வேண்டாமே சார்," என்றேன்.

"வேணும்னு எழுதறதில்லை ஓய், மரியாதைக்கு எழுதறது. அந்த லைன் இல்லாம நான் ஜன்மத்துல ஒரு மனு எழுதினதில்லை. அதைப் படிச்சா ஆபீசருக்குத் தான் ஒரு மகாராஜான்னு தோணும். பல்பைக் குடுத்துடுவார்."

மனு, செம்பூரில் இருக்கும் நகர்ப்புறத் திறந்தவெளி வாரியத்துக்குப் போயிற்று. பதினோராம் நாளே பதில் வந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று ஜீப் வந்து நின்றது. முதல் ஜீப்பிலிருந்து வாரியத்தின் துணை இயக்குநர் பஞ்சாபகேசன் இறங்கினார். பஞ்சு சார் என்று சொன்னால்தான் செம்பூரில் தெரியும். பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"பேஷ்! மனு போட்டது நீங்கதானா?"

"ஆமா சார். பல்பு அந்தா அந்த மூலையில போட்டாப் போதும்."

"பல்பு எங்க அதிகாரத்துல வராது வெயிலுமுத்து. அது மின்சாரம், வேற டிபார்ட்மெண்ட். ஆனா இதர வசதிகள்னு எழுதியிருக்கேளே, அது முழுக்க எங்களோடது. இத்தனை நம்பிக்கை வெச்சு இந்த வாரியத்துக்கு இதுவரைக்கும் ஒரு மனு வந்ததில்லை. நான் மீட்டிங்ல படிச்சுக் காட்டினேன். உலகத் தரத்துல ஒரு ஸ்கேட் பார்க் கட்டறதுன்னு தீர்மானம் ஆயிடுத்து!"

"பிள்ளைகதான் ஏற்கெனவே ஆடிக்கிட்டிருக்கே சார்?"

"ஆடறா. ஆனா அனுமதி இல்லாம ஆடறா. அது ஆட்டத்துல சேத்தி இல்லை."

அடுத்த திங்கட்கிழமை சுற்றிலும் நீலத் தகர ஷீட் அடித்தார்கள். செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. முப்பது வருட வெயிலுக்கும் மழைக்கும் அசையாத தரையை இரண்டே நாளில் தூள் தூளாக்கிவிட்டார்கள். எதற்கப்பா உடைக்கிறாய் என்று காண்டிராக்டரைக் கேட்டேன். "அரே சேட், புதுசா கட்டினோம்னு எழுதணும்னா முதல்ல பழசு இல்லாம இருக்கணும்ல?" என்று பொறுமையாக விளக்கினான்.

மாரிசெல்வி பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தகர ஷீட்டின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம கடையிலயே பல்பு இருக்குல்லா? ஒங்கள யாருப்பா போயி எழுதச் சொன்னா?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "அம்மா சாப்பிடக் கூப்புடுதாவ," என்பாள். நான் சாப்பிடப் போவேன். பெற்ற பிள்ளை பேசாத வீட்டில் சோறு இறங்காது என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

சரி, பார்க்காவது சீக்கிரம் வரட்டும் என்று வாரியத்தின் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் செம்பூர் போனேன். மாரிசெல்வியும் ஒன்பது பிள்ளைகளும் எனக்கு முன்பே ரயிலேறிப் போயிருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் அவர்களை மறித்துவிட்டான். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குக் கருத்து கிடையாதாம். சக்கரமுள்ள வாகனங்களை வெளியே நிறுத்த வேண்டுமாம். பிள்ளைகள் தங்கள் வாகனங்களோடு வெயிலில் நின்றார்கள்.

உள்ளே முந்நூறு பேர். ஒருவர்கூட வாழ்நாளில் பலகையில் ஏறியவர் இல்லை. ஒரு பெரியவர் நடைபாதை கேட்டார், எழுதிக்கொண்டார்கள். இன்னொருவர், வாய்விட்டுச் சிரிக்கும் சங்கத்துக்கு ஒரு மேடை கேட்டார், எழுதிக்கொண்டார்கள். பிறகு ஆலோசகர் ஸ்ரீலேகா படம் போட்டு விளக்கினார்.

"சரிவு ரொம்ப ஆபத்து. அதனால எல்லாச் சரிவுலயும் படி கட்டறோம். வழவழப்பான தரை வழுக்கும். அதனால முழுக்கப் பேவர் பிளாக் பதிக்கறோம்."

பேவர் பிளாக் என்றால் இந்த ஊர் நடைபாதைகளில் பதித்து, மழைக்கு ஒரு தடவை பெயர்த்து, மறுபடி பதிக்கும் கல். நான் எழுந்து நின்றேன். "படியில சக்கரம் எப்படிம்மா போவும்?"

"அதுக்குத்தான் சார் பக்கத்துலயே கைப்பிடி குடுத்திருக்கோம்," என்றார்.

கடைசியில் பஞ்சு சார் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். "குழந்தைகளுக்காக இந்த வாரியம் எதையும் செய்யும். அவாளைக் கேக்கறது ஒண்ணைத்தான் செய்யாது. ஏன்னா, கேட்டா என்ன வேணும்னு பட்டுன்னு சொல்லிடுவா. அப்புறம் அதைச் செய்யும்படி ஆயிடும். அது திட்டமிடல் ஆகாது." கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

பிறகு நிதிப் பிரச்சினை வந்தது. வாரியத்தின் பட்ஜெட்டில் ஸ்கேட் பார்க் என்று ஒரு தலைப்பே இல்லை. பிள்ளையார் கரைப்பதற்குச் செயற்கைக் குளம் வெட்டும் தலைப்பில்தான் செலவழியாத பணம் இருந்தது. ஆகவே எங்கள் பார்க், காகிதத்தில் குளம் ஆயிற்று. குளம் என்றால் விதிப்படி உயிர்காப்பாளர் வேண்டும். டிராம்பேயிலிருந்து நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு வாலிபரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் விசிலும் ரப்பர் வளையமுமாகத் தகர ஷீட்டுக்குள் தினமும் எட்டு மணி நேரம் ஜல்லிக் குவியலைக் காவல் காத்தார். "ஆழம் அதிகம், ஜாக்கிரதை" என்று ஒரு பலகையும் நட்டார்கள்.

அந்தத் தலைப்பிலேயே பன்னிரண்டு அதிகாரிகள் மூன்று தேசத்துக்குப் போய் ஸ்கேட் பார்க்குகளைப் பார்த்து வந்தார்கள். அறிக்கை அறுபது பக்கம். அதில் ஐம்பத்தெட்டு பக்கம் அதிகாரிகள் பனியில் நிற்கும் போட்டோ. கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது: "சென்ற இடமெல்லாம் குழந்தைகள் கட்டுப்பாடின்றி விளையாடுவதைக் கண்டோம். இங்கே அந்நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."

இரண்டு வருடம் போயிற்று. இடம் இல்லாத பிள்ளைகள் லாரி ஓடும் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போனார்கள். ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் டேங்கர் ஒன்று பின்னால் வந்து இடித்ததில் மாரிசெல்வியின் இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். கண் விழித்ததும் அவள், "என் போர்டு ஒடஞ்சிட்டா?" என்று அம்மாவைத்தான் கேட்டாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நேரே செம்பூருக்குப் போய் பஞ்சு சாரிடம் சொன்னேன். வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாத்தேளா, எத்தனை ஆபத்தான விளையாட்டு! கவலைப்படாதேங்கோ. நம்ம பார்க் வரட்டும், அப்புறம் ஒருத்தராலயும் ஆட முடியாது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று, இந்த ஆளை விடுவதில்லை என்று எங்கள் ஊர் முப்பிடாதியம்மன் மேல் ஆணையிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஆணையிட்டேன்.

மூன்றாம் வருடம் தகர ஷீட்டை எடுத்தார்கள். பாதி இடத்தில் பேவர் பிளாக் பதித்து, நடுவில் வெண்கலத்தில் ஒரு ஸ்கேட்போர்டு சிலை வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் "ஸ்கேட் பார்க் அமலாக்கப் பிரிவு" என்று ஒரு மாடிக் கட்டடம். பஞ்சு சாரும் ஆலோசகர் ஸ்ரீலேகாவும் செம்பூரிலிருந்து அங்கேயே மாறி வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. வாசலில் கார் ஏறுவதற்கு நீளமான சிமெண்டுச் சரிவு. போர்டிகோவில் கண்ணாடி மாதிரித் தரை. ஐம்பதடி நீளத்துக்கு வழவழவென்று ஒரு நடை. நாற்பது பிள்ளைகள் கேட்டதெல்லாம் இருபத்தேழு குமாஸ்தாக்களுக்குக் கிடைத்திருந்தது.

திறப்பு விழாவுக்கு மாரிசெல்வியை மேடைக்குக் கூப்பிட்டார்கள், பயனாளி என்று. பதினேழு வயதாகிவிட்டது அவளுக்கு. பலகையைக் கீழே வைத்துக் காலால் உந்தினாள். இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் சிக்கி முன்னால் சாய்ந்தாள். விழவில்லை. கூட்டம் சிரித்தது. பஞ்சு சார் மைக்கைப் பிடித்து, "பாப்பா, விளையாட்டுல முக்கியம் ஒழுக்கம். அந்த போர்டைப் படிச்சியோ?" என்றார். வாசலில் விதிப் பலகை இருந்தது. முதல் விதி: சக்கரங்களுடன் உள்ளே வரக் கூடாது. மாரிசெல்வி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

அன்றைக்கே மாட்டுங்காவுக்குப் போனேன். வேங்கடசுப்ரமணியன் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னோட லைன்தான் அந்தக் குழந்தைகளோட குடியைக் கெடுத்தது. முப்பத்து நாலு வருஷமா எழுதின லைன். அதுக்கு அர்த்தம் இருக்குன்னு எவனாவது எடுத்துப்பான்னு நெனச்சேனா?"

"இப்ப என்ன செய்ய சார்? பெட்ரோல ஊத்திக் கொளுத்திருவமா?"

"சீ, அபிஷ்டு! ஃபைல் கேப்போம். தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அவன் கட்டினதைப் பாத்து நீர் எரியறீர். அவன் எழுதினதை இன்னும் நாம பாக்கலையே."

நாற்பது நாள் கழித்து முத்திரை குத்திய நகல் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எனக்கு நாலாம் பக்கத்திலேயே தூக்கம் வந்தது. சாரோ, ஊறுகாய் போடுகிறவர் மாங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஏழாம் நாள் போன் வந்தது. "ஓய், இருநூத்து எம்பத்தேழாம் பக்கம். கடையைப் பூட்டிண்டு ஓடி வாரும்!"

விஷயம் இதுதான். தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: ஒன்பதாயிரம் சதுர அடி வழவழப்பான சறுக்குத் தளம் கட்டியதாகப் பில் இருக்கிறதே, அந்தத் தளம் எங்கே? அங்கே இருப்பது வெறும் பேவர் பிளாக் அல்லவா? மாட்டிக்கொண்ட பஞ்சு சார் தன் கையெழுத்தில் பதில் எழுதியிருக்கிறார்: "கட்டடத்தின் கார்ச் சரிவு, போர்டிகோ, நடை, கீழ்த்தள அறைகள் ஆகியவையே குழந்தைகளுக்கான சறுக்குத் தளம். அவை தினமும் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை குழந்தைகளுக்குத் திறந்திருக்கும். மேசை நாற்காலிகள் தற்காலிகமாகவே அங்கு வைக்கப்பட்டுள்ளன. பேவர் பிளாக் பதித்த வெளி, அலுவலகப் பணியாளர்கள் அமரும் இடம்." தணிக்கைக்காரர்கள், "பதில் ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை வேங்கடசுப்ரமணியன் சாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதற்குப் பழக்கப்பட்டவர் இல்லை.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி. நாற்பத்தோரு பிள்ளைகள், பதினெட்டு பலகை. நானும் வேங்கடசுப்ரமணியன் சாரும் முன்னால் நடந்தோம். வாட்ச்மேன் நகலைப் படித்துவிட்டு சல்யூட் அடித்தான். அதில் முத்திரை இருந்தது. மாரிசெல்வி கார்ச் சரிவின் உச்சியில் பலகையை வைத்து ஒரு தடவை உந்தினாள். போர்டிகோவைத் தாண்டி, நடையில் புகுந்து, பஞ்சு சாரின் அறை வாசலில் வந்துதான் நின்றாள்.

அவர் சீறிக்கொண்டு வெளியே வந்தார். "என்னதிது? இது கவர்ன்மெண்ட் ஆபீஸ்!"

சார் நகலை நீட்டினார். "இல்லை, சறுக்குத் தளம். நீங்கதான் எழுதியிருக்கேள்."

பஞ்சு சார் படித்தார். "இது... இது பேப்பர்ல எழுதினது ஸ்வாமி."

"உங்க ஆபீஸ்ல பேப்பர்ல எழுதாதது என்ன இருக்கு? இது பொய்னு சொல்லிடுங்கோ, நாங்க போயிடறோம். தணிக்கைக்குப் பொய் பதில் குடுத்தார்னு ஒரு கடுதாசி மட்டும் போடுவேன். உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் நவம்பர்தானே? பென்ஷன் பேப்பர்லாம் ரெடியாயிடுத்தா?"

மூன்று வருடம் நான் காத்திருந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். பொய் சொல்லுவானேன், இனித்தது. கடைசியில் பஞ்சு சார் பியூனைக் கூப்பிட்டு, "டேபிளையெல்லாம் வெளியில போடுப்பா," என்றார்.

அன்று முதல் அமலாக்கப் பிரிவு, விதிப்படி, பேவர் பிளாக்கில் அமர்ந்து வேலை செய்கிறது. கல் ஒன்று மேலே ஒன்று கீழே இருப்பதால் மேசை ஆடும். நேர்கோடு போட்டால் ஸ்ரீலேகாவின் ஸ்கேல் வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்தது. முதல் விதியைச் சொல்லிப் பிள்ளைகளே அவற்றைக் கழற்றிக் கொடுத்தார்கள். பத்தாம் தேதி மழை பிடித்தது. தண்ணீர் போக வழி வைக்காததால் முழங்கால் அளவு நின்றது. காகிதத்தில் மட்டும் இருந்த குளம் கடைசியில் நிஜக் குளமாயிற்று. ஃபைல்கள் மிதந்தன. மூன்று வருடமாக வேலையில்லாமல் இருந்த உயிர்காப்பாளர் விசிலை ஊதிக்கொண்டு குதித்தார். ரப்பர் வளையத்தைப் போட்டு முதலில் வருகைப் பதிவேட்டையும், பிறகு பஞ்சு சாரையும் கரை சேர்த்தார். நான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். இரக்கப்பட்டேனா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டாவது டீ சொன்னேன்.

நவம்பர் வந்தது. அவர் ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வாரம். ஒரு நாள் சாயங்காலம் ஆறே முக்கால் மணி இருக்கும். கட்டடத்துக்குள் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, பிள்ளைகளின் சக்கரச் சத்தம் கடை வரைக்கும் கேட்டது. பஞ்சு சார் என் கடைக்கு வந்தார். வேங்கடசுப்ரமணியன் சாரும் அப்போது அப்பளம் வாங்க வந்திருந்தார். கல்லாவில் மாரிசெல்வி இருந்தாள்.

"வெயிலுமுத்து, அங்க ஆறரைக்கே இருட்டிடறது. ஃபைல் ஒண்ணும் தெரியலை. ஒரே ஒரு பல்பு குடுங்கோ, நானே மாட்டிக்கறேன்."

"பல்பு இருக்கு சார். ஆனா பொது எடத்துல தனியார் பல்பு மாட்டப்பிடாதுல்லா? மொறைன்னு ஒண்ணு இருக்கே. ஒரு மனு போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். மாரிசெல்வி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க அங்கிள். கடைசியில அந்த இதர வசதி லைன மறந்துராதீங்க."

"ஐயோ, அது வேண்டாம்மா!" என்றார் பஞ்சு சார்.

"அது இல்லாம எப்படி?" என்றார் வேங்கடசுப்ரமணியன் சார். "மரியாதையா இருக்காதே."

பஞ்சு சார் அந்த வரியையும் எழுதினார். முடித்ததும் மாரிசெல்வி மூன்று வருடத்துக்குப் பிறகு சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பா," என்றாள், "பேப்பருக்கு ரெண்டு ரூவா வாங்கிக்கிடுங்க."